கழுத்தில் அடிபட்ட அக்காவுக்குக் கணினி: கண்ணால் இயக்கும் கருவி வாங்கலாமா?

அக்காதம்பி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்காவுக்கு 38 வயது. படிப்பு முடித்ததிலிருந்து கணக்கு வேலைதான், நாள் முழுக்க எக்ஸெல். ஏழு மாதத்துக்கு முன் ஒரு விபத்தில் கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டது. மருத்துவக் குறிப்பில் சி5 என்று இருக்கிறது, கழுத்துத் தண்டுவடத்தின் ஐந்தாம் பகுதியாம். தோளைத் தூக்குகிறாள். முழங்கையை மடக்குகிறாள். நீட்டுவதற்குத்தான் பலம் இல்லை. தளரவிட்டால் கை தானாக இறங்குகிறது, அவ்வளவுதான். விரல்கள் அசைவதில்லை. பேச்சு, பார்வை, மூளை எல்லாம் பழையபடி. மூளை பழையபடி இருப்பது எப்படித் தெரியும் என்றால், படுத்துக்கொண்டே என் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கிறாள்.

வேலை பார்த்த இடத்தில், முடிந்தால் வீட்டிலிருந்தே செய்யட்டும் என்கிறார்கள். ஒரு நாள் பேசி எழுதும் வசதியைப் போட்டுக் கொடுத்தேன். கடிதம் மாதிரி எழுதச் சொன்னால் நன்றாகவே எழுதியது. எக்ஸெலில் ஒரு கட்டத்திலிருந்து பக்கத்துக் கட்டத்துக்கு நகரத்தான் பத்து முறை கத்த வேண்டியிருந்தது. "மூடி வை" என்றுவிட்டாள். அதிலிருந்து கணினிப் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

கண் அசைவாலேயே கணினியை இயக்கும் கருவியை ஒரு வீடியோவில் பார்த்தேன். அவளிடம் சொல்லாமல் வாங்கி, பொருத்தி, பிறந்தநாளன்று காட்டலாம் என்று யோசனை. இந்த மாதிரிக் கருவியை யாராவது தினமும் பயன்படுத்துகிறீர்களா? எக்ஸெல் ஓடுமா? தமிழில் தட்ட முடியுமா?

---

மூன்றாம் மாடி எழுதியது:

என் அப்பாவுக்கு ஏ.எல்.எஸ்., உடலின் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நரம்பு நோய். கடைசி இரண்டு வருடம் அவர் எங்களோடு பேசியதெல்லாம் கண்ணால்தான். அதனால் அந்தக் கருவியை யார் மட்டமாகப் பேசினாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அது கண்ணில் படாத அகச்சிவப்பு ஒளியைக் கண்ணின் மேல் அடித்து, திரும்பி வரும் மினுக்கத்தைப் படமெடுத்து, எங்கே பார்க்கிறீர்கள் என்று கணக்குப் போடுகிறது. ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் குழம்பிவிடும். எங்கள் அறைத் திரைச்சீலை பகலில் திறந்ததே இல்லை. முகத்துக்கும் திரைக்கும் 60, 65 செ.மீ. தூரம் வேண்டும். கட்டிலின் சாய்வை மாற்றினால் மறுபடி புள்ளி புள்ளியாகப் பார்த்து அளவு சரி செய்ய வேண்டும். ஒரு எழுத்தை ஒரு விநாடி முறைத்துப் பார்த்தால் அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். தொல்லையும் அதில்தான். சும்மா பார்ப்பதற்கும் அழுத்துவதற்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அப்பா ஓய்வெடுக்க வேண்டுமென்றால் கூரையைப் பார்ப்பார்.

ஆனால் அப்பாவுக்குக் கண்ணைத் தவிர வேறெதுவும் மிச்சமில்லை. உங்கள் அக்காவுக்குக் கை மடங்குகிறது என்கிறீர்களே? கை இருக்கிறவர்கள் யாராவது வந்து சொல்லட்டும், அதுவரை வாங்காதீர்கள்.

---

ஒற்றைக்கோல் எழுதியது:

தம்பி, எனக்கும் சி5தான். பதினோரு வருடம் ஆகிறது. வலக்கையில் ஒரு பட்டை கட்டி, அதில் பென்சிலைத் தலைகீழாகச் செருகி, ரப்பர் முனையால் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பாதியைத்தான் தட்டினேன். மீதியை வாயால் சொல்லி எழுதினேன். எது எது என்று கண்டுபிடிக்க முடிந்தால் சொல்லுங்கள்.

கண் கருவியை இப்போதைக்கு விடுங்கள். குறை சொல்லவில்லை, மூன்றாம் மாடி அவர்களே, உங்கள் அப்பாவுக்கு அதுதான் சரி. கணக்குப் பார்க்கிறவருக்கு இது ஏன் இடிக்கும் என்று ஒரு கணக்கே போட்டுக் காட்டுகிறேன். நல்ல கருவியிலும் அரை பாகையிலிருந்து ஒரு பாகை வரை பிழை வரும். 65 செ.மீ. தூரத்தில் ஒரு பாகை என்பது திரையில் சுமார் 1.1 செ.மீ. சாதாரணத் திரையில் எக்ஸெல் வரிசையின் உயரம் அரை செ.மீ.தான். அதாவது நீங்கள் 14ஆம் வரிசையைப் பார்ப்பீர்கள், அது 12ஆ 16ஆ என்று யோசித்துக்கொண்டிருக்கும். பெரிதாக்கிப் பார்க்கலாம்தான். அப்புறம் திரையில் எத்தனை வரிசை மிஞ்சும்?

நான் விழுந்த முதல் வருடம் எனக்கும் இப்படி ஒரு பரிசு வந்தது. நெற்றியில் ஒரு பொட்டை ஒட்டிக்கொண்டு தலையை ஆட்டினால் மவுஸ் நகரும். வீட்டார் எல்லாரும் சேர்ந்து வாங்கியது. அரை மணி நேரம் எல்லாரும் கைதட்டினார்கள். இரண்டு மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. அடிபட்ட இடமே கழுத்து! அது இன்னும் அலமாரியில் பெட்டியோடு இருக்கிறது. தூக்கிப் போடவும் மனசில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தலையைவிடத் தோள் எனக்குச் சுலபம் என்று சொல்லியிருப்பேன்.

அதனால் எந்தக் கருவி என்பதை அப்புறம் பார்க்கலாம். ஆயிரம் தடவை செய்தாலும் அலுக்காத அசைவு அக்காவிடம் எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உடல் முடங்கிப்போன இயற்பியல் அறிஞர் ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்குக் கன்னத்தில் ஒரு தசை. மூக்குக்கண்ணாடியில் பொருத்திய அகச்சிவப்பு உணரி, கன்னம் துடிப்பதைப் பார்த்து ஒரே ஒரு பொத்தானாக மாற்றிக் கொடுத்தது, அவ்வளவுதான். திரையில் எழுத்துகள் வரிசையாக ஒளிர்ந்துகொண்டே வரும். வேண்டியது வரும்போது கன்னத்தை அசைப்பார். அவருக்காக இன்டெல் எழுதிய அந்த மென்பொருளை 2015இல் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். உங்கள் அக்காவுக்கு இருப்பது அதைவிடப் பெரிய சொத்து, ஒரு முழுத் தோள்.

நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. தளரவிட்டால் கை தானாக இறங்குகிறது என்றீர்கள். தட்டச்சு என்பது அந்த இறக்கம்தான்! தோளால் தூக்க வேண்டும், விசையின் நேர்மேலே கொண்டுபோக வேண்டும், விட வேண்டும். கையின் எடையே விசையை அழுத்திவிடும். அதற்கு விசைப்பலகை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். சாதாரண மேசை உயரத்தில் வைத்தால் நாள் முழுக்கத் தோளைத் தூக்கிப் பிடித்தபடியே இருக்க நேரும், நாலு நாளில் வலி வந்து அதையும் மூடி வை என்பார்.

பென்சிலின் ரப்பர் முனை ஏன் என்றால் வழுக்காது. பிளாஸ்டிக் முனை விசையிலிருந்து சறுக்கிப் பக்கத்து எழுத்தில் விழும்.

இனி கணினிக்குள். எல்லாம் விண்டோஸிலேயே இருக்கிறது, எதையும் வாங்க வேண்டாம்.

ஷிஃப்டை ஐந்து தடவை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வரும். கண்ட்ரோலைத் தட்டி, கோலை எடுத்து, சாவகாசமாக சி-யைத் தட்டினால் இரண்டையும் சேர்த்து அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். ஷிஃப்டை இரண்டு தடவை தட்டினால் பூட்டிக்கொள்ளும், மூன்றாவது தட்டலில் விடும். இதில் ஒரு பொறி இருக்கிறது, நான் அரை நாள் அதில் மாட்டிக்கொண்டேன். என் கணினியில் வேறொருவர் உட்கார்ந்து ஏதோ நகலெடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு எனக்குக் கண்ட்ரோல் வேலை செய்யவே இல்லை. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொன்றை மாற்றியும் பார்த்தாயிற்று. விஷயம் என்னவென்றால், இரண்டு விசைகளை யாராவது ஒன்றாக அழுத்தினால் ஸ்டிக்கி கீஸ் தானாக அணைந்துவிடும் என்று ஒரு தேர்வு உள்ளே இருக்கிறது. அதை முதல் நாளே எடுத்துவிடுங்கள். உங்களைப் போல உதவ வருகிறவர்கள்தான் அதை அணைப்பீர்கள்.

கோல் விசையிலேயே தங்கிவிட்டால் கககககக என்று ஓடும். ஃபில்டர் கீஸ் பகுதியில் அந்தத் திரும்பத் திரும்ப வருவதை மெதுவாக்கலாம், முழுக்க நிறுத்தவும் செய்யலாம்.

எக்ஸெல் விஷயத்தில் அக்கா நம்மைவிடக் கெட்டிக்காரர், அவருக்கே தெரிந்திருக்கும். இருந்தாலும் விரல் இருந்தபோது பலரும் கவனிக்காதது ஒன்று உண்டு. எஃப்8 அழுத்தினால் அதற்குப் பிறகு அம்புக்குறியைத் தட்டத் தட்டக் கட்டங்கள் தேர்வாகிக்கொண்டே போகும், ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆல்ட்டைத் தட்டிவிட்டால் மேலே உள்ள பட்டியல் முழுக்க எழுத்துகள் தோன்றும். ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போகலாம். மேல் கட்டத்தில் இருப்பதைக் கீழே நிரப்ப கண்ட்ரோல், டி (D). மவுஸால் இழுக்கவே வேண்டாம். ஒற்றைக் கோல்காரனுக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்தது போல இருக்கும்.

மவுஸுக்குப் பதில் பெரிய பந்து வைத்த டிராக்பால். கையின் ஓரத்தால் உருட்டலாம், கருவி இடத்தைவிட்டு நகராது. மவுஸ் அமைப்பில் கிளிக்லாக் என்று ஒன்று உண்டு. பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திவிட்டு எடுத்தால் பிடித்துக்கொண்டே இருக்கும், பந்தை உருட்டி இழுத்துவிடலாம்.

தமிழுக்கு வருகிறேன். இதுதான் எனக்குப் பிடித்த இடம். விபத்துக்கு முன்னால் நானும் ஆங்கில எழுத்தைத் தட்டித்தான் தமிழ் எழுதினேன். பத்து விரல் இருக்கிறவருக்கு அது போதும். கோலுக்கு ஒவ்வொரு தட்டலும் ஒரு பயணம். "தங்கம்" என்று ஆங்கில எழுத்தில் தட்டிப் பாருங்கள்; ஏழோ எட்டோ ஆகும். தமிழ் எழுத்துகளையே நேராகத் தட்டும் தமிழ்99 விசை அமைப்பில் த, ங, க, ம, புள்ளி, ஐந்தே தட்டல். ங-வுக்கு அடுத்து க வந்தால் நடுவிலே புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற ஜோடிகளுக்கும் அப்படியே. ஒரே மெய் இரண்டு தடவை வந்தாலும் முதலாவதற்குப் புள்ளி தானாக வரும். "அம்மா" நாலு தட்டல். 247 எழுத்துக்கும் ஷிஃப்ட் தேவைப்படுவது ஆய்தம் ஒன்றுக்குத்தான். கிரந்த எழுத்துகளுக்கும் தேவைப்படும், அதனால் நான் ஜன்னலைச் சாளரம் ஆக்கிவிட்டேன். சோம்பேறித்தனத்தால் வந்த தனித்தமிழ்! உயிரெழுத்துகள் எல்லாம் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம் என்பதால் கோல் அங்குமிங்கும் ஊசலாடும், அது ஒரு குறை. இரண்டு வாரம் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

பேசி எழுதுவதையும் ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். அக்காவுக்கு ஏன் வெறுத்தது என்று எனக்குத் தெரியும். நம்மைப் போன்றவர்களுக்கு விலா எலும்புகளுக்கு நடுவே உள்ள தசைகளும் வயிற்றுத் தசைகளும் வேலை செய்யாது, உதரவிதானம் ஒன்றையே நம்பி மூச்சு. நீளமாகக் கத்திப் பேசினால் குரல் தேய்ந்துவிடும். நான் காலையில் நீண்ட கடிதங்களைச் சொல்லி எழுதுகிறேன். மூச்சுக்கு ஒரு வாக்கியம், கத்தாமல், ஒலிவாங்கியை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. திருத்தம், எண், நகர்தல் எல்லாம் கோல். மற்றவர்களின் சம்பள விவரத்தை வீடு முழுக்கக் கேட்கச் சொல்லிக்கொண்டிருப்பதும் அவ்வளவு நன்றாக இருக்காதே.

வேகம் கேட்பீர்கள். கோலால் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சொல். கேலியாகத் தெரியலாம். கணக்கு வேலையில் நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொல் யார் தட்டுகிறார்கள்? பாதி நேரம் திரையை முறைத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

கடைசியாக, பிறந்தநாள் யோசனையைக் கைவிடுங்கள். பென்சிலை நாளைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

---

கைப்பக்குவம் எழுதியது:

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளைத் தாமே செய்ய நோயாளிகளைப் பழக்குகிறவள். ஒற்றைக்கோல் ஐயா சொன்னதில் எனக்கு ஒரே ஒரு திருத்தம். பட்டை மட்டும் போதாது. சி5இல் மணிக்கட்டு தொங்கிவிடும். தொங்கும் கையில் கோலைச் செருகினால் குறி தவறும், மூட்டும் கெடும். மணிக்கட்டைத் தாங்கும் ஸ்பிளின்ட், அதன் உள்ளங்கைப் பக்கத்தில் கோலுக்கு ஒரு பை, இப்படி ஒரே துண்டாகச் செய்து வாங்குங்கள். ஐயா தன் ஸ்பிளின்டை இத்தனை வருடத்தில் தன் கையாகவே நினைத்துவிட்டார் போலிருக்கிறது, அதனால்தான் எழுதவில்லை.

மாட்டிக் கழற்றிய பிறகு தோலைப் பாருங்கள். சிவந்த தடம் இருபது முப்பது நிமிடத்தில் மறைய வேண்டும். மறையாவிட்டால் அந்த இடத்தை மாற்றி அமைக்காமல் மறுபடி மாட்டாதீர்கள். அவருக்கு அங்கே உறுத்துவது தெரியாமல் போகலாம். கணினி ஆர்வத்தில் உட்கார்ந்தே இருந்துவிடுவார்கள். நாற்காலியைச் சாய்த்தோ உடலைச் சாய்த்தோ உட்காரும் இடத்தின் அழுத்தத்தை அரை மணிக்கு ஒரு முறையாவது குறைக்க வேண்டும். கணினியிலேயே மணியடிக்க வைத்துவிடுங்கள்.

ஒரு கேள்வி. உள்ளங்கை கீழே பார்க்க வைத்துக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் கொஞ்சமாவது மேலே தூக்க வருகிறதா? ஏழாவது மாதம் என்பது இன்னும் மாற்றம் வரக்கூடிய காலம். ஒரு படி கீழே சி6 வரை திரும்பினால், மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்கள் தாமாகவே மடங்கி ஒரு பிடி கிடைக்கும். அந்தப் பிடி தசைநார்களின் இறுக்கத்தால் வருவது. நல்லது செய்வதாக நினைத்து, மணிக்கட்டையும் விரல்களையும் சேர்த்துப் பின்னால் வளைத்து நீவிவிட்டால் அந்த இறுக்கம் போய்விடும். வீட்டில் யாராவது அப்படிச் செய்கிறார்களென்றால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். கை எங்கே நிற்கும் என்று தெரியாத இந்த நேரத்தில் பெரிய கருவி எதுவும் வேண்டாம் என்பது என் எண்ணமும்.

---

திரைக்குரல் எழுதியது:

எனக்குப் பார்வை இல்லை, மென்பொருள் எழுதுகிறேன். இந்த இழையில் எனக்கென்ன வேலை என்று தோன்றலாம். மவுஸைத் தொடாமலேயே கணினியில் காலம் தள்ளுகிறவள் என்ற முறையில் வருகிறேன். கோல் வைத்திருப்பவரும் நானும் ஒரே வழியில் போகிறவர்கள்தான்.

பேசியே கணினியை இயக்கும் வாய்ஸ் ஆக்சஸ் வசதியை அக்கா எடுத்தால், விண்டோஸ் 11இல் அது இருக்கிறது, இதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். "கிளிக் சேவ்" என்றால் அது சேவ் என்ற பொத்தானை எப்படிக் கண்டுபிடிக்கிறது? படத்தைப் பார்த்து அல்ல. அந்தப் பொத்தானுக்கு நிரலில் ஒரு பெயர் கொடுத்திருப்பார்கள். திரையில் இருப்பதை எனக்குப் படித்துக்காட்டும் என்விடிஏ மென்பொருள் வாசிப்பதும் அதே பெயரைத்தான். பெயர் கொடுக்காமல் ஒரு படத்தை மட்டும் ஒட்டிவிட்டுப் போயிருந்தால் எனக்கு "பட்டன், பட்டன், பட்டன்" என்று கேட்கும். அக்கா எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அது திரும்பிப் பார்க்காது. அவருக்குக் கத்தத் தோன்றும். அது அவர் உச்சரிப்பின் குற்றம் அல்ல.

அப்படிப்பட்ட இடத்தில் "ஷோ நம்பர்ஸ்" என்று சொன்னால் அழுத்தக்கூடிய ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண் தோன்றும். எண்ணைச் சொன்னால் போதும். எண்ணும் விழவில்லையென்றால் "ஷோ கிரிட்". திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, அதற்குள் மறுபடி ஒன்பதாகப் பிரித்துக்கொண்டே போய்க் குறி வைக்கலாம். கட்டளைகளை ஆங்கிலத்தில்தான் சொல்லிப் பழகியிருக்கிறேன், எல்லாம் ஒன்றிரண்டு வார்த்தைதான்.

வேலை இடத்தில் அவர்களே எழுதிய கணக்கு மென்பொருள் ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள். டபிள்யூசிஏஜி என்ற வலைத்தள விதிமுறை இருக்கிறது. 2018இல் வந்த 2.1 பதிப்பு, கண்ணுக்குத் தெரியும் பெயர் நிரலில் உள்ள பெயரிலும் இருக்க வேண்டும் என்கிறது, குரலால் இயக்குகிறவர்களுக்காக. 2023இல் வந்த 2.2, அழுத்தும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்கட்டும், இழுத்துத்தான் ஆக வேண்டும் என்று எதையும் வைக்காதீர்கள் என்கிறது. அந்த எண்களைச் சொல்லிக் கேட்டால் மென்பொருள் எழுதியவர்கள் எழுந்து உட்காருவார்கள். பரிதாபத்தைச் சொல்லிக் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். இரண்டையும் செய்து பார்த்தவள் சொல்கிறேன்.

---

அக்காதம்பி எழுதியது:

ஆறு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

அன்று இரவே எல்லாவற்றையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பிறந்தநாள் யோசனையைக் கேட்டதும் நல்ல திட்டு விழுந்தது. பென்சில் யோசனைக்கு ஒன்றும் சொல்லவில்லை. காலையில் "எங்கே அந்தப் பென்சில்" என்றாள்.

மணிக்கட்டு இடது கையில் இலேசாகத் தூக்குகிறது! எங்கள் தெரபிஸ்டிடம் காட்டினோம், அவரும் குறித்துக்கொண்டார். வீட்டில் விரல்களை நீவிவிடுவது நான்தான். நிறுத்திவிட்டேன், அவர் காட்டிய முறையில் மட்டும் செய்கிறேன். அவள் வலக்கைக்காரி, ஆனால் கோலை இடக்கையில்தான் கட்டச் சொன்னாள். இடத் தோள்தான் அலுக்காத தோளாம். இதை நான் எந்தக் காலத்திலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

மேசைக்குக் கீழே இழுக்கும் பலகை போட்டு விசைப்பலகையை இறக்கினோம். ஸ்டிக்கி கீஸ் தேர்வை முதல் நாளே எடுத்தேன். இருந்தும் இரண்டாம் நாள் நானே மறந்துபோய் அவள் கணினியில் பழைய பழக்கத்தில் தட்டினேன், ஒன்றும் அணையவில்லை. ஒற்றைக்கோல் ஐயாவுக்குக் கும்பிடு.

முதல் நாள் அவள் தட்டியது என்ன தெரியுமா? என் செலவுக் கணக்குக் கோப்பைத் திறக்கச் சொன்னாள். பதினோரு நிமிடம். 14ஆம் வரிசையை நான் இரண்டு தடவை கூட்டியிருந்தேனாம்.

அவளே ஏதோ கேட்க வேண்டுமாம்.

---

அக்காதம்பி எழுதியது:

அக்கா பேசுகிறேன். இவன் பெயரில்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முகத்தைத் திருப்பினேன் என்று எழுதியிருக்கிறான். கட்டம் நகராதபோது யார் திருப்ப மாட்டார்கள்.

சந்தேகம். டிராக்பால் சரி. ஆனால் சின்ன இடத்தில் குறி வைக்கக் கை நடுங்குகிறது. மவுஸ் கீஸ் போட்டேன். எண் விசைகளால் அம்பு நகர்கிறது, நன்றாக இருக்கிறது. ஆனால் எண் தட்ட முடியவில்லை. எனக்கு எண்தான் வேலையே. மேல் வரிசை எண்கள் கோலுக்குத் தூரம். என்ன செய்வது.

---

ஒற்றைக்கோல் எழுதியது:

வாருங்கள் அம்மா.

மவுஸ் கீஸ் அமைப்புக்குள், நம்லாக் எரியும்போது மட்டும் மவுஸ் என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். அப்புறம் நம்லாக் எரிந்தால் எண், அணைந்தால் மவுஸ். ஒரே விசையில் மாறிக்கொள்ளலாம். 5 கிளிக், கூட்டல் குறி இரட்டைக் கிளிக், 0 பிடித்துக்கொள்ளும், புள்ளி விட்டுவிடும். தூரத்துக்குப் பந்து, பக்கத்துக்கு எண் விசை. நானும் அப்படித்தான்.

எண் விசைகள் தனியாக யுஎஸ்பியில் செருகும் பலகையாகவே கிடைக்கும். இடக்கை என்றால் அதை இடப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வலது கோடி வரை கோலை எதற்காகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்?

---

அக்காதம்பி எழுதியது:

அக்காதான். வேலை செய்கிறது. தனிப் பலகை வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

தமிழ்99 மூன்றாம் நாள். ழ எங்கே என்று இன்னும் தேடுகிறேன். இந்த நாலு வரிக்கு ஆறு நிமிடம்.

இன்னொன்று. ரப்பர் முனை அதற்குள் சரிந்து தேய்ந்துவிட்டது. நீங்கள் என்ன மாட்டுகிறீர்கள்.

---

ஒற்றைக்கோல் எழுதியது:

ழ வலது மூலையில் கீழே, முற்றுப்புள்ளி விசைக்கு அடுத்தது.

பென்சில் தலையில் தனியாக மாட்டும் கூம்பு ரப்பர் வாங்குங்கள், மொத்தமாக. ஒரு பக்கம் தேய்ந்ததும் கழற்றித் திருப்பி மாட்டச் சொல்லுங்கள். ஒன்று எனக்கு இரண்டு மாதம் வரும். சரிந்து தேய்கிறதென்றால் கோல் சாய்ந்து விழுகிறது. ஸ்பிளின்ட் பையின் கோணத்தை உங்கள் தெரபிஸ்டிடம் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், நேராக விழ வேண்டும்.